ஒற்றை ஆக்சில் டிரெய்லர் லாரி: எதுக்கு நல்லது, எங்கே மாட்டும்?

ஹைவேயில் அடுத்த முறை ஒரு டிரெய்லர் லாரி உங்க பஸ்ஸை ஒட்டி வந்தால், முன்னாடி இழுக்கிற பாகத்தோட டயர்களை மட்டும் எண்ணிப் பாருங்க. சிலதில் 6 இருக்கும், சிலதில் 10 இருக்கும். பார்க்கிறவங்களுக்கு "10 டயர்னா பெரிய வண்டி, 6 டயர்னா சின்ன வண்டி" என்றுதான் தோணும். ஆனா அந்த நாலு டயர் வித்தியாசத்துக்குள்ள ஸ்டாடிக்ஸ், உராய்வு, ரோடு டிசைன், சட்டம், பணம் எல்லாமே ஒளிஞ்சிருக்கு. முதல் வருஷம் படிச்ச மொமென்ட் பேலன்ஸை வைத்தே பெரும்பகுதியைப் புரிஞ்சுக்கலாம்.

லோன் போட்டு முதல் டிரெய்லர் வாங்குகிற ஒரு ஓனருக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லை. தப்பான வண்டியை வாங்கினால் மாசா மாசம் டியூ கட்டும்போது தெரியும்.

முதல்ல பெயர்க் குழப்பம்

டிரெய்லர் லாரியில் இரண்டு பாகம். முன்னாடி எஞ்சினும் கேபினும் இருக்கிற பாகம் டிராக்டர் (வயல் உழுகிற டிராக்டர் இல்லை). பின்னாடி சரக்கு ஏறுகிற பாகம் செமி டிரெய்லர். "செமி" என்று ஏன் சொல்றாங்கன்னா, அதுக்கு முன்பக்கம் சக்கரம் கிடையாது. அதோட முன்பக்க எடையை டிராக்டர் தன் முதுகில் தாங்குது. டிராக்டர் மேல இருக்கிற வட்டமான இரும்புத் தட்டு ஃபிஃப்த் வீல். டிரெய்லருக்கு அடியில் இருந்து அதுக்குள்ள போய் மாட்டுகிற தடித்த முளை கிங் பின்.

ஒற்றை ஆக்சில் டிராக்டர் என்றால் பின்னாடி ஒரே ஒரு ஆக்சில். ஸ்டியரிங் ஆக்சிலைச் சேர்த்தால் மொத்தம் இரண்டு. இதை 4×2 என்று எழுதுவாங்க: நாலு சக்கர முனைகள், அதில் இரண்டுக்கு எஞ்சின் சக்தி போகுது. பின்னாடி ஜோடி டயர் இருந்தாலும் ஒரு முனை என்றுதான் கணக்கு. பின்னாடி இரண்டு ஆக்சில் இருந்து, இரண்டுக்கும் சக்தி போனால் அது 6×4.

அமெரிக்காவில் நீண்ட தூர லாரி என்றாலே 6×4 தான் வழக்கம். ஐரோப்பாவில் நேர் எதிர்: 4×2 டிராக்டர், பின்னாடி மூணு ஆக்சில் டிரெய்லர், மொத்தம் 40 டன் என்பதுதான் அங்கே சாதாரண வண்டி. இந்தியாவில் இரண்டும் ஓடுது.

சட்டம் எவ்வளவு எடை தருது?

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்புகளை உயர்த்தியது. அதன்படி ஸ்டியரிங் ஆக்சிலுக்கு 7 டன், நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 11.5 டன் (முன்பு 10.2), இரட்டை ஆக்சிலுக்கு 21 டன் (முன்பு 19), மூணு ஆக்சில் தொகுப்புக்கு 27 டன் (முன்பு 24). இதைக் கூட்டினாலே வண்டியோட மொத்த எடை வந்துடும்:

- 4×2 + இரட்டை ஆக்சில் டிரெய்லர்: 7 + 11.5 + 21 = 39.5 டன்
- 4×2 + மூணு ஆக்சில் டிரெய்லர்: 7 + 11.5 + 27 = 45.5 டன்
- 6×4 + மூணு ஆக்சில் டிரெய்லர்: 7 + 21 + 27 = 55 டன்

இது வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்த எடை. கணக்குக்காக 4×2 டிராக்டர் 7 டன், 6×4 டிராக்டர் 9 டன், டிரெய்லர் 7.5 டன் என்று வெச்சுக்கலாம். அப்போ 4×2-இல் சரக்கு 31 டன், 6×4-இல் 38.5 டன். வித்தியாசம் 7.5 டன்.

"அப்போ 6×4 தானே லாபம்?" என்று உடனே முடிவு பண்ணிடாதீங்க. என்ன சரக்கு என்பதுதான் முக்கியம். சிமென்ட், ஸ்டீல் காயில், கிரானைட் பிளாக் மாதிரி சரக்கில் டிரெய்லரில் பாதி இடம் காலியா இருக்கும்போதே எடை வரம்பு வந்துடும். திருப்பூர் பனியன் பெட்டிகள், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி சரக்கில் இடம் முழுசா நிரம்பினாலும் எடை வரம்பு பக்கத்தில்கூட வராது. முதல் வகைக்கு எடைதான் தடை, இரண்டாவது வகைக்கு இடம்தான் தடை. இடம் தடையா இருக்கிற சரக்குக்கு 6×4 வாங்கினால், பயன்படாத 7.5 டன் வசதிக்காக இரண்டு டன் அதிக இரும்பைத் தினமும் இழுத்துக்கிட்டு போகணும்.

கன்டெய்னரை எடுத்துப்போம். 40 அடி கன்டெய்னரோட ஐஎஸ்ஓ அதிகபட்ச மொத்த எடை பழைய அளவுப்படி 30.48 டன். கன்டெய்னர் டிரெய்லர் வெறும் எலும்புக்கூடு மாதிரி இருக்கும், அதை 5.5 டன் என்று வெச்சுப்போம். 30.48 + 5.5 + 7 = சுமார் 43 டன். மூணு ஆக்சில் டிரெய்லரோட 4×2 இதைச் சட்டப்படி தாராளமா இழுக்கலாம். அதே கன்டெய்னரை இரட்டை ஆக்சில் டிரெய்லரில் ஏத்தினால் 39.5 டன் வரம்பைத் தாண்டிடும். ஆக ஒரு 40 அடி கன்டெய்னருக்கு 6×4 கட்டாயம் இல்லை. டிரெய்லரில் எத்தனை ஆக்சில் என்பதுதான் கேள்வி.

16 சென்டிமீட்டர் கணக்கு

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலே போதுமா? போதாது. ஒவ்வொரு ஆக்சிலும் தனித்தனியா வரம்புக்குள் இருக்கணும். ஒற்றை ஆக்சில் வண்டியில் இதுதான் ரொம்ப நுணுக்கமான இடம்.

ஒரு 4×2 டிராக்டர்: வீல்பேஸ் 3.6 மீட்டர். டிரெய்லர் மாட்டாமல் முன் ஆக்சிலில் 4.8 டன், பின் ஆக்சிலில் 2.2 டன். இப்போ டிரெய்லர் கிங் பின் வழியா 11 டன்னை இறக்குது. ஃபிஃப்த் வீல், பின் ஆக்சிலுக்கு 0.6 மீட்டர் முன்னாடி இருக்கு. மொமென்ட் எடுத்தால்:

முன் ஆக்சிலுக்குப் போவது = 11 × 0.6 ÷ 3.6 = 1.83 டன்
பின் ஆக்சிலுக்குப் போவது = 11 − 1.83 = 9.17 டன்

மொத்தமா முன்னாடி 6.63, பின்னாடி 11.37. இரண்டும் வரம்புக்குள்ள. சூப்பர்.

இப்போ ஃபிஃப்த் வீலை 0.3 மீட்டரில் வைங்க. முன்னாடி 5.72, பின்னாடி 12.28. மொத்த எடை ஒரு கிலோகூட மாறலை, ஆனா டிரைவ் ஆக்சில் முக்கால் டன்னுக்கு மேல ஓவர்லோட்!

எந்த இடத்தில் வைத்தால் இரண்டு ஆக்சிலும் தப்பிக்கும் என்று தீர்த்துப் பார்த்தால், 0.56 மீட்டருக்கும் 0.72 மீட்டருக்கும் நடுவில்தான் இருக்கணும். வெறும் 16 சென்டிமீட்டர். 6×4-இல் பின்னாடி 21 டன் இடம் இருப்பதால் இவ்வளவு நெருக்கடி வராது. ஒற்றை ஆக்சில் வண்டியில் ஃபிஃப்த் வீலோட இடம், டிரெய்லரில் சரக்கு அடுக்குகிற இடம் இரண்டுமே தப்புக்கு மன்னிப்பு தராது. சரக்கை ரொம்ப முன்னாடி தள்ளி அடுக்கினால் டிரைவ் ஆக்சில் நசுங்கும். ரொம்பப் பின்னாடி அடுக்கினால் கிங் பின் லேசாகி டயர் பிடிப்பு போயிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், எடை மேடையே போதும். முதலில் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏத்தி ஒரு ரீடிங். அடுத்து டிராக்டரோட இரண்டு ஆக்சிலும் மேடையில் இருக்கும்போது ஒன்று. கடைசியா முழு வண்டியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரைவ் ஆக்சில் எடை, மூணாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெய்லர் ஆக்சில்களோட எடை. மேடையும் அதை ஒட்டின தரையும் ஒரே மட்டமா இருக்கணும் என்பது மட்டும் நிபந்தனை.

இது ஏன் முக்கியம்? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ஓவர்லோடுக்கு ₹20,000 அபராதம், அதோட கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000.

ஏற்றத்தில் யார் ஏறுவாங்க?

"எஞ்சின் ஹெச்பி ஜாஸ்தின்னா எந்த ஏற்றமும் ஏறிடும்" என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா கடைசியா ரோட்டைத் தள்ளுவது டயர்தான். டிரைவ் ஆக்சில் மேல இருக்கிற எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருகிற விசைதான் உச்சம். அதுக்கு மேல எஞ்சின் எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் சும்மா சுழலும்.

தோராயமான சூத்திரம் இது:

ஏறக்கூடிய சரிவு = உராய்வுக் குணகம் × (டிரைவ் ஆக்சில் எடை ÷ மொத்த எடை) − உருளல் எதிர்ப்பு

45.5 டன் 4×2-இல் டிரைவ் ஆக்சில் பங்கு 11.5 ÷ 45.5 = 25.3%. 55 டன் 6×4-இல் 21 ÷ 55 = 38.2%.

காய்ந்த தார் ரோடு (குணகம் 0.6, உருளல் எதிர்ப்பு 1%): 4×2 சுமார் 14% சரிவு ஏறும். நல்ல ஹைவேயில் அவ்வளவு ஏற்றம் வராது. பிரச்சினையே இல்லை.

நனைந்த ரோடு (0.4): சுமார் 9%. இன்னமும் ஓகே.

குவாரி அல்லது சைட்டில் மழைக்கால சேறு (குணகம் 0.25, உருளல் எதிர்ப்பு 5%): 4×2-க்கு 1.3% தான். 6×4-க்கு 4.5%. அதாவது லோடு ஏத்தின 4×2, கிட்டத்தட்ட சமதளத்திலேயே மாட்டிக்கும். தார் ரோட்டில் ராஜாவா ஓடின வண்டியை ஜேசிபி வந்து இழுக்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தோட 96/53 விதியில் இதுக்காகவே ஒரு வரி இருக்கு: சர்வதேசப் போக்குவரத்தில் ஓடுகிற வண்டியில், மொத்த எடையில் குறைந்தது 25% டிரைவ் ஆக்சில்கள் மேல இருக்கணும். அங்கே டிரைவ் ஆக்சில் வரம்பு 11.5 டன், மொத்தம் 40 டன், பங்கு 28.75%. இன்னொரு வழியும் உண்டு: 6×2, அதாவது பின்னாடி இரண்டு ஆக்சில், ஒன்றுக்கு மட்டும் சக்தி. எடை தாங்கும், எரிபொருளும் மிச்சம். ஆனா 55 டன்னுக்கு அந்த அமைப்பைக் கணக்குப் போட்டால் பங்கு 10.5 ÷ 55 = 19% தான்.

அமெரிக்காவில் இதுக்கு ஒரு தனி வேலை

6×4 ஆட்சி செய்கிற அமெரிக்காவில் ஒற்றை ஆக்சில் ஏன் இன்னும் உயிரோட இருக்கு? அங்கே கூட்டாட்சி வரம்பு: ஒற்றை ஆக்சிலுக்கு 20,000 பவுண்டு, இரட்டை ஆக்சிலுக்கு 34,000, மொத்தம் 80,000. ஸ்டியரிங் ஆக்சிலில் 12,000 என்று வெச்சுக்கிட்டால், 4×2 டிராக்டர் + வழக்கமான இரட்டை ஆக்சில் டிரெய்லர் = 12 + 20 + 34 = 66 ஆயிரம் பவுண்டு. 6×4 என்றால் 12 + 34 + 34 = 80 ஆயிரம், கரெக்டா வரம்பு. கனமான சரக்குக்கு அங்கே 4×2 தோற்றுடும்.

ஆனா யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் மாதிரி பார்சல், சில்லறைச் சரக்கு கம்பெனிகளோட வண்டிகளைப் பாருங்க. ஒரே 4×2 டிராக்டர், பின்னாடி 28 அடி டிரெய்லர் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. 1982-இல் வந்த சட்டம், தேசிய சாலை வலையமைப்பில் இந்த இரட்டை டிரெய்லரை எல்லா மாநிலங்களும் அனுமதிக்கணும் என்று சொன்னது. ஆக்சில்களை எண்ணுங்க: ஸ்டியரிங், டிரைவ், முதல் டிரெய்லர், நடுவில் டாலி, இரண்டாவது டிரெய்லர். மொத்தம் 5. வரம்புகளைக் கூட்டினால் 12 + 20 × 4 = 92 ஆயிரம் பவுண்டு. அதாவது 4×2-ஐ வைத்தே 80 ஆயிரத்தை முழுசா பயன்படுத்தலாம். ஒரே 53 அடி டிரெய்லருக்குப் பதில் 56 அடி நீளமும் கிடைக்குது.

இதோட அழகு வேற இடத்தில் இருக்கு. ராத்திரி இரண்டு டிரெய்லரையும் இழுத்துக்கிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். அங்கே பிரிச்சு, ஒன்றை ஒரு ஊருக்கும் இன்னொன்றை வேறு ஊருக்கும் அனுப்பலாம். சரக்கை இறக்கி ஏத்துகிற வேலை மிச்சம். பகலில் அதே டிராக்டர் ஒரே ஒரு 28 அடி டிரெய்லரோட ஊருக்குள் டெலிவரிக்குப் போகும். வீல்பேஸ் குட்டை என்பதால் சந்துக்குள் திரும்பிடும். ஒரு வண்டி, இரண்டு ஷிஃப்ட் வேலை.

விலை எங்கே கொடுக்கணும் என்றால் பனியில். 80 ஆயிரத்தில் ஸ்டியரிங்கின் 12 போக மீதி 68 நாலு ஆக்சிலுக்குப் பிரியுது. டிரைவ் ஆக்சிலுக்கு 17, அதாவது 21% தான். இறுகின பனியில் குணகம் 0.2 என்றால் ஏறக்கூடிய சரிவு சுமார் 3%. 6×4-க்கு 42.5% பங்கு, 7.5% சரிவு. கலிஃபோர்னியாவில் 7,000 அடிக்கு மேல போகிற டானர் கணவாய் மாதிரி மலைச்சாலைகளில் 6% ஏற்றம் சாதாரணம். பனிக்காலத்தில் டயருக்குச் செயின் கட்டாமல் அங்கே இந்த வண்டி ஏறாது. இரட்டை டிரெய்லருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: டிரைவர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் அந்த ஆட்டம் கடைசி டிரெய்லரில் பெரிசாகி, சாட்டை நுனி மாதிரி வீசும்.

செலவில் மிச்சம்

6×4-இல் கூடுதலா ஒரு டிரைவ் ஆக்சில், இன்னொரு கிரௌன் பினியன், நடுவில் ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தி பிரிக்கிற இன்டர் ஆக்சில் டிஃபரன்ஷியல். ஒவ்வொரு கியர் ஜோடியும் ஆயிலைக் கலக்கிக் கொஞ்சம் சக்தியைத் தின்னும். 4×2-இல் இதெல்லாம் கிடையாது. நாலு டயர் கம்மி, பிரேக் லைனிங் கம்மி.

திரும்பும்போதும் வித்தியாசம் உண்டு. இரட்டை ஆக்சிலில் இரண்டு ஆக்சிலும் இணையா இருப்பதால் வளைவில் இரண்டுமே சரியான வட்டத்தில் உருள முடியாது. டயர் பக்கவாட்டில் தேயும். ஒற்றை ஆக்சில் டிராக்டருக்கு அந்தத் தேய்மானம் இல்லை. குறுகின யார்டுக்குள் நாள் முழுக்கத் திருப்புகிற வண்டிக்கு இது பெரிய மிச்சம்.

டோலில் மிச்சம் ஆகுமா? நம்ம தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்தில் 4 முதல் 6 ஆக்சில் வரை ஒரே வகுப்பு. 5 ஆக்சில் 4×2-உம் 6 ஆக்சில் 6×4-உம் ஒரே டோல்தான் கட்டும். அந்தக் கணக்கில் டன்னுக்கு டோல் என்று பார்த்தால், முழு லோடு அடிக்கிற 6×4 தான் ஜெயிக்கும்.

பிரேக் போடும்போது

டிரெய்லர் மாட்டாமல் டிராக்டர் மட்டும் ஓடும்போது நம்ம உதாரணத்தில் பின் ஆக்சிலில் 2.2 டன் தான். பிரேக் அடித்தால் எடை இன்னும் முன்னாடி போகும், பின் சக்கரம் சுலபமா லாக் ஆகும். மழையில் இது ஆபத்து. லோடு ஏத்தி ஓடும்போது டிரைவ் ஆக்சில் லாக் ஆனால், பின்னாடி வருகிற டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி மடக்கிடும். இதுக்குத்தான் ஜாக்நைஃப் என்று பெயர். டிராக்டர் குட்டையா இருந்தால் அது சீக்கிரம் மடங்கும், டிரைவருக்குத் திருத்த நேரம் கம்மி.

அமெரிக்காவில் 1997 மார்ச் முதல் புது டிராக்டர்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பிறகு, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து 355 அடிக்குள் நிற்கணும் என்ற விதியை 250 அடியாக இறுக்கினாங்க. வழக்கமான மூணு ஆக்சில் டிராக்டருக்கு 2011-இலும், இரண்டு ஆக்சில் டிராக்டருக்கு இரண்டு வருஷம் கழித்து 2013-இலும் அமலுக்கு வந்தது. குட்டை வண்டியை வேகமாவும் நிறுத்தணும், நேராவும் நிறுத்தணும் என்பது டிசைனருக்குக் கூடுதல் தலைவலி.

சிவில் நண்பர்களுக்கு ஒரு அதிர்ச்சி

ரோட்டை அதிகமா கெடுப்பது யார்? 55 டன் வண்டி என்றுதானே சொல்வீங்க? ஐஆர்சி 37 முறைப்படி பார்க்கலாம். ஒவ்வொரு ஆக்சில் எடையையும் அதற்கான தர அளவால் (ஸ்டியரிங் 65, ஒற்றை 80, இரட்டை 148, மூணு 224 கிலோ நியூட்டன்) வகுத்து நாலாம் அடுக்கு எடுக்கணும்.

- ஸ்டியரிங் 7 டன்: 1.25
- ஒற்றை ஆக்சில் 11.5 டன்: 3.95
- இரட்டை ஆக்சில் 21 டன்: 3.75
- மூணு ஆக்சில் 27 டன்: 1.95

45.5 டன் 4×2 வண்டி: 1.25 + 3.95 + 1.95 = 7.15. 55 டன் 6×4 வண்டி: 1.25 + 3.75 + 1.95 = 6.95. ஒன்பதரை டன் அதிகம் சுமக்கிற வண்டி ரோட்டைக் கொஞ்சம் கம்மியாத்தான் கெடுக்குது! 4×2-ஓட மொத்தக் கெடுதலில் பாதிக்கு மேல அந்த ஒரே டிரைவ் ஆக்சில் செய்வது. நம்ம உதாரணத்தில் 12.28 டன் ஆன ஆக்சிலை இதில் போட்டால் 3.95 என்பது 5.1 ஆகிடும். ஓவர்லோடு கொஞ்சம் ஏறினாலும் ரோடு ஏன் சீக்கிரம் குழி விழுது என்பதுக்கு அந்த நாலாம் அடுக்குதான் பதில்.

முடிவா, எப்போ எது?

4×2 எடுக்கலாம்: சரக்கு இடத்தை அடைக்கும் வகை என்றால், துறைமுகத்திலிருந்து குடோனுக்கு ஒற்றைக் கன்டெய்னர் என்றால், கார் ஏத்துகிற டிரெய்லர் என்றால், முழுக்க தார் ரோடு, குறுகின யார்டு, நிறைய திருப்பம் என்றால்.

6×4 எடுக்கணும்: ஸ்டீல், சிமென்ட், கிரானைட் மாதிரி எடையை அடைக்கும் சரக்கு என்றால், குவாரி, சேறு, பனி, நீண்ட மலை ஏற்றம் என்றால், லோடு எந்த இடத்தில் அடுக்கப்படும் என்று உங்க கையில் இல்லை என்றால்.

வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஹெச்பி எவ்வளவு என்பது இல்லை. "என் சரக்கு எடையை அடைக்குமா, இடத்தை அடைக்குமா? என் வண்டி கடைசியா நிற்கப் போகிற இடத்தில் தரை எப்படி?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எத்தனை ஆக்சில் என்பது தானா வந்துடும்.

நீங்களே போட்டுப் பாருங்க: அதே டிராக்டரில் ஃபிஃப்த் வீல் பின் ஆக்சிலுக்கு 0.45 மீட்டர் முன்னாடி நிலையா பொருத்தியிருக்கு, நகர்த்த முடியாது. டிரைவ் ஆக்சில் 11.5 டன்னைத் தாண்டாமல் இருக்க, கிங் பின்னில் அதிகபட்சம் எத்தனை டன் இறக்கலாம்?

விடை: 2.2 + எடை × (3.15 ÷ 3.6) = 11.5 என்று தீர்த்தால் 10.63 டன். அப்போ ஸ்டியரிங் ஆக்சிலில் 6.13 டன். முன்னாடி இன்னும் 0.87 டன் இடம் காலி, ஆனா பயன்படுத்த வழியில்லை.